காத்திருந்தால் விலை குறையும்

முன்படியில் என் மகன் ஜெகன் ஏறினான். பின்படியில் நான் ஏறினேன். நான் ஏறியது அவனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இத்தனை நாளும் அவனைத் தன் ஸ்கூட்டரில் பாங்குக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்த இருதயராஜுக்குப் புதுக்கோட்டைக்கு மாற்றலாகிவிட்டது. இனிமேல் பஸ்தான், தனியாகத்தான், யாரும் துணைக்கு வர வேண்டாம், முக்கியமாக நீங்கள் வர வேண்டாம் என்று நேற்றுச் சாப்பிடும்போது சொல்லிவிட்டான். சரிப்பா என்றேன். சரி என்று சொன்னவன்தான் காலையில் அவன் தெருமுனை திரும்பும்வரை கதவுக்குப் பின்னால் நின்றேன். என் செருப்புச் சத்தம் அவனுக்கு அத்துப்படி என்பதால், யாருடைய கல்யாணத்துக்கோ வாங்கி ஒருமுறை போட்டு எடுத்து வைத்த ஷூவைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். ஷூ கடிக்கிறது. சுண்டுவிரல் பக்கம் நெருப்பு மாதிரி இருக்கிறது. காட்டூர் நிறுத்தத்தில் அவன் வெள்ளைக் கோலைத் தரையில் ஊன்றி நின்றான், நான் டீக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். முகத்தை ஏன் திருப்பினேன், அவனுக்கு என் முகம் தெரிந்து எத்தனை வருஷமாகிறது. துவாக்குடியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் தனியார் பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கி நின்று, "படி ஒசரம் சார், பாத்து" என்றான். "பாக்கறத நீங்க பாருங்க, ஒசரம்னு சொன்னீங்கள்ல, அது போதும்" என்றான் இவன். கண்டக்டர் சிரித்து அவன் முழங்கையைப் பிடிக்கப் போனான், ஜெகன் கையை விலக்கி அவனுடைய தோளைத் தான் பிடித்துக்கொண்டு ஏறினான். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று யார் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பிடிப்பவன் கையில் தன்னைக் கொடுக்கக் கூடாது, தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு இப்போது பின்படியில் தொங்கும்போதுதான் தெரிகிறது. முன்னால் ஒரு அம்மாள், மடித்த காலிச் சாக்குகளை மடியில் வைத்திருப்பவள், மார்க்கெட்டுக்குப் போகிறவளாக இருக்கும், பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்தவனை முழங்கையால் இடித்து எழுப்பிவிட்டாள். "இங்க ஒக்காரு தம்பி. இந்த இடம் ஒனக்குன்னு எழுதியே போட்டிருக்கான், இவனுங்க படிச்சாத்தான்." ஜெகன் உட்கார்ந்தான். ஜன்னல் பக்கம் அவனுக்குக் கொடுத்தாள். நான் கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்து அவனுக்கு மூன்று வரிசை பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இங்கிருந்து அவன் பின்கழுத்து தெரிகிறது. முடிவெட்ட வேண்டும்.

டிக்கெட்டுக்கு வாய் திறக்க முடியவில்லை. என் குரல் கேட்டால் தீர்ந்தது. கண்டக்டர் "பெரியவரே எங்க, பெரியவரே" என்று தோளைத் தட்டினான், நான் ரூபாயை நீட்டி முன்னால் கையைக் காட்டினேன். "முன்னாலன்னா? முன்னால மெட்ராஸ் வரைக்கும் ரோடு போவுது." பக்கத்தில் நின்றவர் "சத்திரம் போல, குடுத்து விடுப்பா" என்றார். நான் வேகமாகத் தலையாட்டினேன். இந்த வயதில் இது என்ன பிழைப்பு என்று வசுமதி இருந்தால் கேட்டிருப்பாள். மாமா, அவனுக்கு முப்பத்தேழு வயசு, பாங்குல அவன் கையெழுத்துக்கு ஜனம் நிக்குது, நீங்க ஏன் திருடனாட்டம் பின்னால போறீங்க. மாமா என்றுதான் கூப்பிடுவாள், கல்யாணத்துக்கு முன்னும் மாமாதான், பின்னும் மாமாதான், அவள் என் அக்கா தனபாக்கியத்தின் மகள். அவள் பிறந்தபோதே எனக்கென்று பேசி வைத்தார்கள். ஏன் பின்னால் போகிறேன் என்றால், வசு, சாயங்காலத்துக்குள் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும், அதைச் சொல்வதற்கு முன் இவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது, வேறு காரணம் இல்லை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து போன வாரம் மெயில் வந்தது. ஜெகனுடைய நோய்க்குக் காரணமான மரபணு எதுவோ அதே மரபணுவுக்கு ஒரு சிகிச்சை, மனிதர்களுக்கு முதல்முறையாகப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். சரியான மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி, ஊசியால் விழித்திரைக்கு அடியில் விடுவார்கள். இவனுக்கு இடம் இருக்கிறது. பலன் உண்டு என்று உறுதி இல்லை என்று எழுதியிருந்தார்கள். மிச்சமிருக்கும் பார்வை குறையவும் கூடும் என்றும் எழுதியிருந்தார்கள். ஜெகனின் இடது கண் எப்போதோ முழுசாக அணைந்துவிட்டது, உயிருள்ள செல் கொஞ்சம் மிச்சமிருப்பது வலது கண்ணில் மட்டும், ஊசியும் அதில்தான். அந்த வலது கண்ணில் அவனுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். விளக்கு எரிகிறதா என்று தெரியும். எதிரில் வெள்ளைச் சட்டைக்காரர் நின்றால் யாரோ நிற்கிறார் என்று தெரியும். அவ்வளவுதான். வர விருப்பமா இல்லையா என்று இன்று மாலைக்குள் எழுத வேண்டும். நேற்றுச் சாப்பாட்டின்போது படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ரசத்தைக் குடித்துக்கொண்டே சொன்னான், "நான் முடிவு சொல்ல மாட்டேம்ப்பா. நீங்க போகணும்னா வரேன். வேணாம்னா வேணாம். ஆனா ஒண்ணு, நாளைக்குச் சாயங்காலத்துக்கு மேல இந்தப் பேச்சே வீட்ல இருக்கக் கூடாது."

நான் போகலாம் என்று சொல்லப் போகிறேன். இரவே முடிவு செய்துவிட்டேன், அப்புறம் எதற்கு இந்த ஷூவும் பஸ்ஸும். பஸ் அரியமங்கலம் பக்கம் குழியில் இறங்கி ஏறுகிறது, அவன் தலை ஒருபக்கம் ஆடி நிமிர்கிறது. அவன் கண்ணில் கோளாறு என்பது ஒன்பது வயதில் முதலில் சாயங்காலத்தில்தான் தெரிந்தது. கரண்ட் போனால் மற்ற பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குப் பழகி ஓடும், இவன் நின்ற இடத்திலேயே நிற்பான். தட்டு எங்கே என்று தடவுவான். மதுரையில் பெரிய டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு இப்போது மருந்து இல்லை, மெதுவாகக் குறையும், ஆனால் ஆராய்ச்சி ரொம்ப வேகமாக நடக்கிறது, பத்து வருஷத்தில் ஏதாவது வந்துவிடும் என்றார். பத்து வருஷம்! நான் சந்தோஷமாக வெளியே வந்தேன். வசுமதி அழுகிறாள், நான் அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து விளக்கம் சொல்கிறேன். எனக்குப் பத்து வருஷம் என்றால் என்னவென்று தெரியும் என்று நினைத்தேன். பத்தாவதோடு படிப்பை விட்டு டிவி ரிப்பேர் கற்று, அப்புறம் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் கூடவே வந்த புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்துப் படித்து, சிங்காரத்தோப்பில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை போட்டவன் நான். என் கையில்தான் அது வளர்ந்தது. இந்த வருஷம் பெருமையாக மாட்டிக் கொடுத்த டிஸ்க்கை மறுவருஷம் பிள்ளைகள் விளையாடக் கேட்டால் கொடுத்துவிடுவேன். தலையணை அளவு இருந்தது தீப்பெட்டி அளவுக்கு வந்தது, தீப்பெட்டி அளவு இருந்தது நகத்தளவுக்கு வந்தது. பத்து வருஷத்தில் எதுவும் எதுவாகவும் ஆகும். அதிலும் மரபணு என்பது எழுத்துதான் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நான்கே எழுத்து. எங்கள் கம்ப்யூட்டருக்கு இரண்டு, இவர்களுக்கு நான்கு, அவ்வளவுதானே வித்தியாசம். தப்பான எழுத்து எது என்று பார்ப்பார்கள், மாற்றுவார்கள். நான் மாற்றாததா. மனிதனின் மரபணு முழுவதையும் படித்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்த அன்றைக்கு வசுமதி கேசரி கிண்டிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், கட்சிக்காரர் யாரோ ஜெயித்துவிட்டார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"பொறவியிலேயேவா தம்பி?" சாக்கு வைத்திருக்கும் அம்மாள்தான். இவர்களுக்குக் கேட்கக் கூச்சமே கிடையாது. "இல்லக்கா, கொஞ்சம் கொஞ்சமா." "ஆபரேசன் கீபரேசன் ஒண்ணும் இல்லியா?" "எங்கப்பா பாத்துக்கிட்டு இருக்கார்." "எம்புட்டு நாளா பாக்குறாரு?" "நான் டவுசர் போட்ட காலத்துலேருந்து." அவள் சிரித்தாள், பஸ் இரைச்சலுக்கு மேலே. "அவரு டாக்டரா?" "கம்ப்யூட்டர் கட வச்சிருந்தார்." "அடேயப்பா, அப்ப அவருக்குத் தெரியாதது இருக்காது." "அவருக்கு எல்லாம் தெரியும்க்கா. அதான் பிரச்சினையே." நான் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கேலியா அது, இல்லை, கேலியில்லை, அவன் குரலில் எனக்காக ஒரு பெருமையும் இருந்த மாதிரிதான் பட்டது, இல்லை எனக்கு அப்படிக் கேட்டதா. "சொந்தத்துல கட்டுனவங்களா?" என்றாள் அவள். எல்லோரும் கடைசியில் இங்கே வந்துவிடுவார்கள். "எங்கம்மா அப்பாவுக்கு அக்கா மக." "அதுல ஒண்ணுமில்ல தம்பி, நானும் எங்க மாமனத்தான் கட்டிக்கிட்டேன். மூணு புள்ள. மூணும் கல்லு மாதிரி இருக்குதுங்க, கல்லு மாதிரியே சொன்ன பேச்சும் கேக்காது." ஜெகன் சத்தமாகச் சிரித்தான். கல்லு மாதிரி. அவளும் மாமனைத்தான் கட்டினாள். அக்காள் மகளை நானும்தான் கட்டினேன். முதல் தடவை மரபணு பரிசோதனைக்குப் போனபோது ஒரு சின்ன வயது லேடி டாக்டர் எங்கள் குடும்பத்தைப் படமாக வரைந்தாள், ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு கோடு போட வேண்டும், சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. அவள் பேனாவைத் தூக்கிக்கொண்டு யோசித்தாள். "அக்கா பொண்ணா சார்? அப்ப நீங்க மேல் வரிசையில வரீங்க, மேடம் கீழ் வரிசையில வராங்க." கடைசியில் மேலிருந்து கீழாகச் சாய்வாக இரண்டு கோடு இழுத்தாள். இரண்டு பேரிடமும் அதே தப்பெழுத்து ஒன்று சும்மா படுத்துக் கிடந்திருக்க வேண்டும், எங்கள் இருவருக்கும் கண் நன்றாகத் தெரியும், இரண்டும் ஒரு பிள்ளைக்குச் சேர்ந்து வந்தால்தான் நோய். நாலில் ஒரு வாய்ப்பு சார் என்றாள். நாங்கள் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டவர்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் வசுமதி வேர்க்கடலை வாங்கி உரித்துக்கொண்டே, "நீங்க வேற யாரையாச்சும் கட்டியிருந்தா அவனுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கும் மாமா" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஆனா அது வேற எவனோ ஒருத்தனா இருந்திருப்பான். அவனுக்குக் கண்ணு தெரிஞ்சு எனக்கென்ன" என்று சொல்லி ஒரு பருப்பை என் கையில் வைத்தாள்.

பால்பண்ணைக்கு முன்னால் வண்டி நின்று நின்று போகிறது. வெயில் ஜன்னல் வழியாக அவன் மேல் விழுகிறது, மரம் வந்தால் விலகுகிறது. படித்துவிட்டார்கள், அதில் அவர்கள் பொய் சொல்லவில்லை. முதல் தடவை இவன் ரத்தத்தை அனுப்பியபோது மாதக்கணக்கில் காத்திருந்து, காரணமான மாற்றம் எதுவும் கண்டறியப்படவில்லை என்று ஒரு தாள் வந்தது. வசுமதி போன பிறகு மறுபடி அனுப்பினேன், மழைக்காலம் முடிவதற்குள் மரபணுவின் பெயர், எந்த இடம், எந்த எழுத்துக்குப் பதில் எந்த எழுத்து, எல்லாம் வந்துவிட்டது. எங்கள் கம்ப்யூட்டரைவிட வேகமாக விலை இறங்கியது அது. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது, இனி என்ன, என்று நான் அன்றைக்கு வீட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். படிப்பதுதான் வேகம். திருத்துவது? நான் கம்ப்யூட்டரில் ராம் மாற்றுவதற்கு முன் வயரைப் பிடுங்குவேன், மூடியைக் கழற்றுவேன், ஊதித் துடைப்பேன், சரியாக வராவிட்டால் பழையதையே மாட்டிவிட்டு நாளைக்கு வாங்க சார் என்பேன். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் கைவிட மாட்டேன். இவன் ஓடிக்கொண்டே இருக்கிறான். இவனை நிறுத்திவைக்க முடியாது, பழையதைத் திருப்பி மாட்ட முடியாது. ஒரு எலிக்குப் போட்டு அந்த எலி கிழமாகும்வரை பார்த்திருக்க வேண்டும், நாய்க்குப் போட்டு நாய் தடுமாறாமல் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும், உயிர் அதன் வேகத்தில்தான் வயதாகிறது, அதைத் தட்டி வேகப்படுத்த முடியாது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கடைக்குக் கணக்கு வாத்தியார் திருநாவுக்கரசு வருவார், கம்ப்யூட்டர் விலை கேட்பார். அவசரமா சார் என்பேன். அவசரமில்லை என்பார். அப்ப தீபாவளி வரைக்கும் பொறுங்க, இதைவிட நல்லது வரும், காத்திருந்தால் விலை குறையும் என்பேன். நான் சொன்னது ஒவ்வொரு தடவையும் பலித்தது. அவர் கடைசிவரை வாங்கவே இல்லை. கம்ப்யூட்டருக்குக் காத்திருந்தால் வாங்குகிறவன் அப்படியே இருப்பான், பெட்டி மட்டும் மாறும். இங்கே காத்திருந்தால் வாங்க வேண்டிய கண் குறைந்துகொண்டே வருகிறது. அதனால்தான் போகலாம் என்கிறேன். இந்த வலது கண்ணும் அணைந்துவிட்டால் பிறகு எத்தனை நல்ல மருந்து வந்தாலும் ஊசி போட இடம் இருக்காது. ஆனால் முதல் பதிப்பை யாரும் வாங்கக் கூடாது என்று சொன்னவனும் நான்தானே. புதிதாக வந்த எதையும் முதல் ஆறு மாதம் என் கடையில் நான் தொட்டதில்லை, மற்றவன் வாங்கி அடிபடட்டும், பிறகு பார்க்கலாம். மற்றவன். இப்போது மற்றவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். இல்லை, போகலாம். போகாவிட்டால் மட்டும் அந்த வெளிச்சம் நிற்கப் போகிறதா, இன்னும் நாலைந்து வருஷம், அதற்குமேல் இருக்காது. போகலாம். இருக்கும் நாலைந்து வருஷத்தை நான் ஏன் பிடுங்க வேண்டும். போகலாம். அடுத்த வருஷமே இதைவிட நல்லது வந்துவிட்டால்?

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நல்லவேளை, சத்தத்தை அடக்கி வைத்திருந்தேன். ஜெகன். மூன்று வரிசை முன்னால் அவன் போனைக் காதில் வைத்திருக்கிறான், நான் இங்கே அதிரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கழுத்தைப் பார்க்கிறேன். எடுத்தால் இதே ஹாரன் இரண்டு காதிலும் அவனுக்குக் கேட்கும். அடித்து நின்றது. அவன் போனை இறக்கினான். பக்கத்து அம்மாள் வெளியே யாரையோ பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். அவன் போனை வாயருகே வைத்து, இன்னொரு கையால் மறைத்துக்கொண்டு, குனிந்து என்னவோ பேசினான். தோள் மட்டும் அசைந்தது. அவன் பேசி முடித்து நிமிர்ந்த அடுத்த நிமிஷம் என் கையில் வந்து விழுந்தது, குரல் செய்தி. நான் கூட்டத்தைப் பிளந்து பின்படி வரைக்கும் போய் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். முதலில் பஸ்தான் கேட்டது. நான் சற்றுமுன் கேட்ட அதே விசில், அதே "உள்ள போ, உள்ள போ". பிறகு அவன். "அப்பா, ஏறிட்டேன். எடமும் கெடச்சிடுச்சு. எடுக்கல நீங்க, குளிக்கறீங்க போல. ஒண்ணு சொல்லணும். மொகத்துக்கு நேரா வர மாட்டேங்குது. நேத்து முடிவத் தூக்கி ஒங்க மேல போட்டுட்டேன்ல... எனக்குப் பயமா இருக்குப்பா. இப்ப ஜன்னலோரம் ஒக்காந்திருக்கேன். வெளிச்சம் வருது, போகுது. மரம் போல. இது கூட இல்லாம எப்படி இருக்கும்னு யோசிக்கவே முடியல. நான் வேணாம்னு சொன்னா நீங்க ஒடஞ்சு போயிடுவீங்க. அம்மாவும் இல்ல. அதனால, நீங்களே வேணாம்னு சொல்லிடுங்களேன். நான் சொன்னதா இல்லாம. சரியா. வச்சிடறேன்." மறுபடி விசில். முடிந்தது. யாரோ என் காலை மிதித்தார்கள், சாரி என்றார்கள். நான் இத்தனை நாளும் அவனுக்கு ஆசை இருக்கிறது, சொல்லக் கூச்சப்படுகிறான், அதனால் நான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு ஆசை இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்திருக்கிறது.

தட்டினேன். யோசிக்கலாம் என்று தட்டினேன், அழித்தேன். பயப்படாதே என்று தட்டினேன், அதையும் அழித்தேன். பஸ் ஆடுகிறது, எழுத்து பக்கத்து எழுத்தில் போய் விழுகிறது. போக வேண்டாம், எனக்கும் பயம்தான் என்று தட்டி அனுப்பிவிட்டு, முன்னால் பழைய இடத்துக்கு வந்து நின்றேன். அவன் போன் பேசியது. எழுதி வருவதையெல்லாம் அந்த போன் அவனுக்கு வாசித்துக் காட்டும். ஆனால் மனிதர் பேசும் வேகத்தில் இல்லை, அவன் அதை ஏற்றி ஏற்றி வைத்திருக்கும் வேகத்துக்கு வேறு யாருக்கும் ஒரு சொல் பிடிபடாது, தானியத்தைத் தகரத்தில் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். இதை யாரும் எங்களுக்குப் பத்து வருஷத்தில் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. இதற்காக யாரும் கேசரி கிண்டவில்லை. ஒருநாள் போனுக்குள் தானாக இருந்தது. அதை வைத்துத்தான் பரீட்சை எழுதினான், பாங்குக்குப் போனான், பேப்பர் படிக்கிறான், என்னிடம் சண்டை போட ஆதாரம் எடுக்கிறான். நான் எழுதியது சரசரவென்று கொட்டி நின்றது. என் வாக்கியம் எனக்கே புரியவில்லை. அவன் மறுபடி தொட்டான், மறுபடி கொட்டியது. இன்னொரு தடவை. பிறகு எதிர் இருக்கையின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். எனக்குக் கழுத்துதான் தெரிகிறது. ஒரு கழுத்தைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும்? பக்கத்தில் இருந்தவளுக்கு முகம் தெரிந்தது. "என்ன தம்பி, வீட்ல எதாச்சுமா?" என்றாள் பயந்து. அவன் நிமிர்ந்தான். "ஒண்ணுமில்லக்கா. எங்கப்பா கடைய மூடிட்டார்." "அய்யய்யோ, ஏவாரம் இல்லியா?" "ரொம்ப நாளாவே இல்லக்கா. அவருதான் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தார்." அவன் குரல் சிரிக்கிற மாதிரியும் இருந்தது, மூக்கு அடைத்த மாதிரியும் இருந்தது. "போவட்டும் விடு" என்றாள் அவள், "வயசான காலத்துல மனுசன் செத்த சும்மா இருக்கட்டும்." காந்தி மார்க்கெட் வந்தது. சாக்குகளை அள்ளிக்கொண்டு, இறங்குவதற்கு முன் அவன் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டு இறங்கினாள்.

மெயின்கார்டு கேட்டில் அவன் எழுந்தான். வண்டி ஓரம் கட்டாமல் நடுரோட்டிலேயே நின்றது. எப்போதும் அப்படித்தான் நிறுத்துவார்கள். இடதுபக்க இடைவெளியில் ஒரு பைக் வருகிறது, நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அவன் கோலைக் கீழே விட்டுத் தரையைத் தேடுகிறான், பைக் வருகிறது, என் வாய் திறந்துவிட்டது, ஜெ என்கிற எழுத்து தொண்டைக்கு வந்துவிட்டது. அவன் ஒரு காலைப் படியிலேயே வைத்து நின்றான். பைக் கிறீச்சென்று நின்றது. "யோவ், பாத்து எறங்க..." என்று ஆரம்பித்தவன் கோலைப் பார்த்துவிட்டு, "சாரி சார், நீங்க போங்க சார்" என்றான். "ரொம்ப நன்றி, நீங்க பிரேக்க செக் பண்ணிக்குங்க" என்றான் ஜெகன். இறங்கி, நடைபாதை ஏறி, ஒரு கணம் நின்று முகத்தை எந்தப் பக்கமோ திருப்பினான், வெயில் பக்கம்தான். பிறகு நடந்தான். என் கால் படிக்குப் போகவில்லை. வண்டி கிளம்பியது, நான் அவனைத் தாண்டிப் போனேன்.

சத்திரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு காலியான ஒரு சீட்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். சுண்டுவிரல் தோல் உரிந்திருந்தது. அந்த மெயிலை எடுத்தேன். எங்களுக்கு விருப்பமில்லை, வாய்ப்பளித்ததற்கு நன்றி என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். வருங்காலத்தில் வேறு சிகிச்சை ஏதேனும் வந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும் என்று கை தானாக அடுத்த வரியைத் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வசு, இந்த ஒரு வரி இருந்தால் என்ன, யாருக்கு நஷ்டம். அவன் கழுத்து ஞாபகம் வந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அனுப்பினேன். போனைப் பையில் போடுவதற்குள் பதில் வந்துவிட்டது, ஆள் எழுதியதில்லை, இயந்திரம் எழுதியது. தங்கள் முடிவு பதிவு செய்யப்பட்டது, தங்கள் இடம் காத்திருப்பவர்களில் அடுத்தவருக்கு வழங்கப்படும். அடுத்தவர். எந்த ஊரோ. அங்கேயும் ஒரு தகப்பன் இருப்பான், இல்லையென்றால் தாய், இந்நேரம் அடுப்படியிலோ கடையிலோ வேலையாக இருப்பார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அங்கே போன் அடிக்கும். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு யாரோ ஓடி வருவார்கள். எடுக்காதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுங்கள் என்று சொல்லவும் வரவில்லை.